காற்றுக்குப் பட்டா கிடையாது!

பேராவூரணிக் கடைவீதியில் சென்ற தை மாதம் நடந்த சங்கதி இது.

சம்பா அறுவடை முடிந்த நேரம். இரண்டு பசுக்களை வைத்துக் கொண்டு பிழைக்கும் விவசாயத் தொழிலாளிப் பெண் ஒருவர், இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துத் தீவனத் தட்டைப்பயறு விதைக்கத் தீர்மானித்தார். யூரியா ஒரு மூட்டை வாங்க உரக்கடைக்குப் போனார். கடைக்காரர் மூட்டையை இறக்கி, அதன் தலையில் ஒரு கருப்புப் பொட்டலத்தையும் வைத்தார்.

"இது எதுக்குங்க?"

"நுண்ணுயிர் உரம்மா. இதையும் வாங்கினாத்தான் மூட்டை. வேணாம்னா ரெண்டையும் வச்சிட்டுப் போ."

வாங்கினார். வேறு என்ன செய்வார்? சாயங்காலம் நமது சங்க அலுவலகத்துக்கு வந்து, "அண்ணே, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க" என்று பொட்டலத்தை நீட்டினார். படித்தோம். அது நெல்லுக்குப் போடுகிற அசோஸ்பைரில்லம். தட்டைப்பயறுக்கு வேண்டியதோ ரைசோபியம். அதுவும் போகட்டும், காலாவதித் தேதி முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது!

மறுநாள் பத்துப் பேராகக் கடைக்குப் போனோம். பத்துப் பேரைப் பார்த்ததும் பொட்டலத்துக்கு வாங்கிய காசு திரும்பி வந்தது. காசோடு கடைக்காரர் ஒரு வசனத்தையும் சேர்த்துக் கொடுத்தார்: "கூலிக்காரங்களுக்கு விஞ்ஞானம் எதுக்குத் தோழர்? போடத் தெரியாமப் போட்டுட்டு, சரக்கு சரியில்லேம்பாங்க."

காசு வந்துவிட்டது, விஷயம் முடிந்தது என்று நாம் விட்டுவிடப் போவதில்லை. அந்த வசனத்துக்குத்தான் இங்கே பதில் சொல்லப் போகிறோம். ஏனென்றால் அதே வசனத்தை, கொஞ்சம் மெருகு பூசி, மேடை போட்டுப் பேசுகிற கனவான்களும் இருக்கிறார்கள்.

இரண்டு பொய்கள்

நுண்ணுயிர் உரத்தைப் பற்றி நாட்டில் இரண்டு பொய்கள் உலவுகின்றன.

ஒரு பொய்: "இதெல்லாம் வெறும் கரித்தூள். ஏமாற்று வித்தை." செத்த சரக்கை வாங்கி ஏமாந்த ஏழை குடியானவன் இப்படிச் சொல்கிறான். அவனைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு பொய்: "இது சர்வரோக நிவாரணி. இதைப் போட்டால் யூரியாவே வேண்டாம். ஆகவே உரத்துக்கு மானியமும் வேண்டாம்." இதைச் சொல்கிறவர் ஏமாந்தவர் அல்ல; ஏமாற்றுகிறவர். ரைசோபியம் என்ற பாக்டீரியா அவரை, துவரை, உளுந்து, பயறு, தட்டைப்பயறு, வேலிமசால் போன்ற பயறு குலத்துச் செடிகளோடுதான் கூட்டுச் சேரும். நெல்லின் வேரில் அது முண்டு கட்டாது. நெல் விளையும் தஞ்சைச் சீமையில், இதன் பெயரைச் சொல்லி யூரியா மானியத்தை வெட்டு என்பது பச்சை மோசடி!

அப்படியானால் உண்மை எது?

வேரைத் தோண்டிப் பாருங்கள்

தோழர்களே! விஞ்ஞானத்தைப் புத்தகத்தில் தேட வேண்டாம். வயலிலேயே இருக்கிறது. விதைத்து முப்பது நாற்பது நாள் ஆன ஒரு தட்டைப்பயறுச் செடியை எடுத்துக் கொள்ளுங்கள். கையால் இழுத்துப் பிடுங்காதீர்கள். முண்டுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்துத் தண்ணீரில் அலசுங்கள். வேரில் கடுகு போலவும் மிளகு போலவும் முண்டுகள் ஒட்டியிருக்கும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள்.

உள்ளே சிவப்பாக இருந்தால் கிருமி வேலை செய்கிறது. நமது ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் கொடுப்பது எந்த இனத்துப் பொருளோ அதே இனத்துப் பொருள்தான் அந்த முண்டுக்குள்ளும் இருக்கிறது. உள்ளே வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. முண்டே இல்லையென்றால் அங்கே ஆளே இல்லை! (முண்டு வேரின் பக்கத்தில் தனியாக ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் உதிரும். வேரே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால் அது நூற்புழுவின் வேலை. இரண்டையும் போட்டுக் குழப்பிக் கொள்ளக் கூடாது.)

அந்தக் கிருமி என்ன செய்கிறது? நம்மைச் சுற்றியுள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்குத் தழைச்சத்தாக வேண்டியதும் அந்த நைட்ரஜன்தான். ஆனால் காற்றில் இருக்கிறபடியே அதை எடுத்துக் கொள்ளப் பயிரால் முடியாது. ஆலையில் அதைக் கட்டிப் பிடிக்கும் வித்தை 1913-ல் ஜெர்மனியில் பெரிய அளவில் தொடங்கியது. அதற்கு 400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் அதிகமான அழுத்தம் வேண்டும். மில் தொழிலாளத் தோழர்களே, உங்கள் பாய்லரை நினைத்துப் பாருங்கள்; அதெல்லாம் இதற்கு முன்னால் விளையாட்டுச் சாமான்! அந்த வேலையைக் கண்ணுக்குத் தெரியாத இந்தக் கிருமி, வேர் முண்டுக்குள் உட்கார்ந்து கொண்டு, மண்ணின் இளஞ்சூட்டிலேயே செய்து முடிக்கிறது.

செடி கிருமிக்குச் சர்க்கரை கொடுக்கிறது; கிருமி செடிக்குத் தழைச்சத்து கொடுக்கிறது. நடுவில் தரகன் இல்லை, வட்டி இல்லை. நல்லபடியாக நடந்தால் ஒரு ஹெக்டேரில் 50 கிலோவும் அதற்கு மேலும் தழைச்சத்து காற்றிலிருந்து வந்து சேரும். 50 கிலோ தழைச்சத்து என்றால் ஏறக்குறைய 109 கிலோ யூரியா; கிட்டத்தட்ட இரண்டரை மூட்டை.

ஆகவே இது கரித்தூள் அல்ல. மெய்யான விஞ்ஞானம். 1886-ல் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் வேர் முண்டின் ரகசியத்தை வெளியிட்டார்கள். 1888-ல் ஹாலந்தில் பேயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். பத்து வருஷம் ஆவதற்குள் அதைப் புட்டியில் அடைத்து, "நைட்ராஜின்" என்று பெயர் வைத்து, பேடண்டும் வாங்கி விற்கத் தொடங்கிவிட்டார்கள்! காற்று எல்லோருக்கும் சொந்தம். மண்ணில் உள்ள கிருமி எல்லோருக்கும் சொந்தம். புட்டியில் போட்டதும் அது முதலாளிக்குச் சொந்தம்! அன்றைக்குத் தொடங்கிய கதையின் வால்தான் இன்றைக்குப் பேராவூரணிக் கடைவீதி வரை நீண்டு கிடக்கிறது.

செத்த சரக்கு

"போடத் தெரியாமல் போடுகிறார்கள்" என்கிறார் கடைக்காரர். யாருக்குத் தெரியவில்லை என்று பார்ப்போம்.

யூரியா உப்பு. பத்து மாதம் கிடந்தாலும், ஈரம் படாவிட்டால், உப்பு உப்புதான். இது அப்படியல்ல. இது உயிர். நிலக்கரித் தூளிலோ கரிம மண்ணிலோ அதைக் குடியேற்றி 200 கிராம் பொட்டலமாகக் கட்டுகிறார்கள். நெய்வேலித் தொழிலாளி வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரிதான் தமிழ்நாட்டில் இதற்கு வீடு. அந்த வீட்டை வெயிலில் வைத்தால் உள்ளே இருக்கிறவன் சாவான். தகரக் கூரைக்கு அடியில், பூச்சி மருந்து டப்பாவுக்குப் பக்கத்தில், சித்திரை வைகாசி முழுவதும் கிடந்த பொட்டலத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? கரிதான் மிஞ்சியிருக்கும்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவில் 2006-ல் நுண்ணுயிர் உரமும் சேர்க்கப்பட்டது. பொட்டல உரம் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள கிருமிகள் இருக்க வேண்டும்; திரவ உரம் என்றால் ஒரு மில்லியில் 10 கோடி. உர இன்ஸ்பெக்டர் கடைக்குள் போய் மாதிரி எடுக்கலாம், சோதனைக்கு அனுப்பலாம். அதிகாரம் இருக்கிறது. நமது கேள்வி ஒன்றுதான்: நெல் வியாபாரியின் தராசைப் பார்க்க இன்ஸ்பெக்டருக்கு வழி தெரியும்போது, இந்தக் கோடிகளை எண்ணிப் பார்க்க மட்டும் ஏன் வழி தெரியவில்லை?

யூரியாவின் சட்டப்படியான விலை 45 கிலோ மூட்டைக்கு 242 ரூபாய். வேப்பெண்ணெய்ப் பூச்சும் வரியும் சேர்ந்தால் 266 ரூபாய் 50 காசு. இந்த விலையில் லாபம் போதாது என்று, கேட்காத சரக்கை மூட்டையோடு கட்டித் தலையில் ஏற்றுகிறார்கள். அப்படிக் கட்டி விற்கக் கூடாது என்று மத்திய சர்க்காரே சொல்லியிருக்கிறது. சொன்னது காகிதத்தில்; நடப்பது கடையில்.

இன்னொரு வேடிக்கை. பயறு விதைக்கிறவரிடம் யூரியாவையும் கிருமியையும் ஒன்றாகச் சேர்த்து விற்கிறாரே, அதன் அர்த்தம் தெரியுமா? மண்ணில் யூரியாவை அள்ளிப் போட்டால் செடி முண்டு கட்டாது. வாசலில் சாப்பாடு கிடைக்கும்போது அது எதற்கு உள்ளே அடுப்பு மூட்டும்? ஒரு கையால் கிருமியை விற்று, மறு கையால் அதன் வேலையைக் கெடுக்கும் சாமானையும் விற்கிற மனிதர்தான், கூலிக்காரனுக்கு விஞ்ஞானம் தெரியாது என்கிறார்!

தெரிந்து கொள்ளுங்கள், தோழர்களே. இது ஒன்றும் மலையைப் பிளக்கும் வேலையல்ல. பயிருக்கு உரிய ரைசோபியம்தானா என்று முதலில் பாருங்கள்; குதிரைமசாலுக்கு உள்ளது தட்டைப்பயறுக்கு ஆகாது. தேதியைப் பாருங்கள். ஹெக்டேர் விதைக்கு மூன்று பொட்டலம், அதாவது 600 கிராம். ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையைப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைக்க வேண்டும். வேலிமசால் விதை கெட்டித் தோல். அதை வெந்நீரில் போட்டு எடுக்கிறவர்கள் நன்றாக ஆறவிட்டுப் பிறகு கிருமியைச் சேர்க்க வேண்டும். சூட்டோடு கலந்தால் கிருமி வெந்து போகும். அடியில் மணிச்சத்து வேண்டும். அது இல்லாமல் முண்டு திரளாது. பல மாதம் தண்ணீர் கட்டிக் கிடந்த நெல் வயலில் இந்தக் கிருமியின் எண்ணிக்கை குறைந்து போகும். ஆகவே சம்பாவுக்குப் பிறகு பயறு விதைக்கும்போது இது அதிகமாகப் பயன்படும்.

இவ்வளவுதான் விஷயம். நாற்று நட்டு, களை பார்த்து, மடை திருப்பத் தெரிந்த கைகளுக்கு இது தெரியாமல் போகுமா?

வைக்கோல் எங்கே போகிறது?

"தீவனப் பயிர் மிராசுதார் சமாசாரம், நமக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது தவறு. மாடு யாரிடம் இருக்கிறது? கூலி வேலை இல்லாத மாதங்களில் இங்கே அடுப்பு எரிவது ஒரு பசுவால், இரண்டு ஆட்டால். மில் தொழிலாளி காலை ஷிப்டுக்குப் போகும் முன் குடிக்கிற டீயில் அந்தப் பசுவின் பால் இருக்கிறது.

முன்பு அறுவடைக் கூலியோடு வைக்கோலும் வீட்டுக்கு வந்தது. இப்போது அறுவடை மிஷின் வந்தது. பின்னாலேயே கட்டுக் கட்டும் மிஷின் வந்தது. கட்டிய வைக்கோல் லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிறது. அறுத்தவனுக்கு வேலையும் போயிற்று. அவன் மாட்டுக்கு வைக்கோலும் போயிற்று. மிஞ்சிய வைக்கோலை விலை கொடுத்து வாங்கிப் போட்டாலும், அதில் புரதச் சத்து நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். தட்டைப்பயறு, வேலிமசால் போன்ற தீவனத்தில் அது பதினைந்து முதல் இருபது பங்கு. மாட்டுக்குக் கொடுக்கும் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கு பயறு வகையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். இல்லாவிட்டால் என்ன? புண்ணாக்கு வாங்கு! புண்ணாக்கு வாங்கக் கடன் வாங்கு! பாலை விற்றுக் கடனைக் கட்டு!

வேலிமசாலை ஒருமுறை விதைத்தால் 90-ஆம் நாள் முதல் அறுப்பு; பிறகு 40 நாளைக்கு ஒரு தரம் அறுத்துக் கொண்டே இருக்கலாம். கிருமி நன்றாக வேலை செய்தால் அதற்குத் தழைச்சத்துச் செலவு மிகவும் குறைவு. அறுத்த தீவனம் மாட்டுக்கு. மாட்டின் சாணம் திரும்பவும் அந்த மண்ணுக்கு. புண்ணாக்குக் கடனிலிருந்து ஒரு ஏழைக் குடும்பம் தலை தூக்க இதைவிட மலிவான வழி உண்டா?

ஆனால் விதைக்க இடம்?

கிருமி வேலை செய்கிறது, நிலம் யாரிடம்?

இதுதான் அசல் கேள்வி. மேடைக் கனவான்கள் தாண்டிக் குதித்து ஓடுகிற கேள்வியும் இதுதான்.

2011-ல் தமிழ்நாட்டில் ஏழைப் பெண்களுக்கு விலையில்லாக் கறவை மாடும், நான்கு ஆடுகளும் கொடுக்கும் திட்டம் வந்தது. மாடு வந்தது, நல்லது, வரவேற்றோம். மாட்டுக்குப் புல் வளர்க்கக் காணி வந்ததா? மாடு காகிதத்தைத் தின்னுமா?

பிரேசில் நாட்டைப் பாருங்கள். அங்கே ஜோஹன்னா டோபரெய்னர் என்ற பெண் விஞ்ஞானியும் அவரது சகாக்களும் சர்க்கார் ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்தார்கள். சோயா மொச்சைக்குக் கிருமியே போதும், தழைச்சத்து உரம் வேண்டாம் என்று 1960-களிலேயே வாதாடினார்கள். ஜெயித்தார்கள். இன்று அங்கே லட்சக்கணக்கான ஹெக்டேர் சோயாவுக்கு யூரியா அநேகமாகப் போடுவதே இல்லை. விஞ்ஞானத்துக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் மிச்சப்பட்ட பணம் யார் பெட்டிக்குப் போயிற்று? பெரும்பகுதி பெரும் பண்ணைகளின் பெட்டிக்கு! அதே நாட்டில்தான் 1984-ல் நிலமற்ற தொழிலாளர் இயக்கம் பிறந்தது. நிலமில்லாத ஜனங்கள் சாலையோரத்தில் கூடாரம் போட்டுக் கிடந்து நிலம் கேட்டார்கள். கிருமி காற்றைப் பிடித்துக் கொடுக்கும். நிலத்தைப் பிடித்துக் கொடுக்காது! அதற்கு ஜனங்கள்தான் வேண்டும்.

நமது ஊருக்கு வருவோம். மேட்டூர் அணையை ஒட்டி 1934 வாக்கில் வந்த கல்லணைக் கால்வாயின் கடைமடை நாம். தண்ணீர் எட்டிப் பார்த்தால் நெல். எட்டாத மேட்டில் தென்னை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அந்தத் தென்னையையும் சாய்த்துப் போட்டது. தோப்புக்காரருக்கு நஷ்டஈட்டுக் கணக்கு எழுதினார்கள். தோப்பில் புல் அறுத்து மாடு வளர்த்தவளின் நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதினார்கள்? இன்றைக்கும் தோப்புக்குள் ஒரு கட்டுப் புல் அறுக்க வேண்டுமானால், சும்மா இரண்டு நாள் வேலை செய்து கொடு என்கிற தோப்புக்காரர்கள் உண்டு.

ஆனால் ஊருக்குப் பொதுவான நிலம் இருக்கிறது. கிராமக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள்: "மேய்க்கால் புறம்போக்கு" என்று எழுதியிருக்கும். கணக்கில் மேய்க்கால், தரையில் போய்ப் பார்த்தால் வசதி படைத்தவரின் தென்னங்கன்று! 2011 ஜனவரி 28-ல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: கிராமப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களை அகற்றி ஊருக்குத் திருப்பிக் கொடுக்க எல்லா மாநில சர்க்காரும் திட்டம் போட வேண்டும் என்று. இத்தனை வருஷத்தில் என்ன நடந்தது? ஆக்கிரமிப்பு அகற்றம் என்று புல்டோசர் புறப்பட்டால் அது முதலில் போய் நிற்பது கூலிக்காரன் குடிசை வாசலில்! நிலமற்ற தொழிலாளருக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் சர்க்கார் உத்தரவுப்படி விட்ட இடத்தை முறைப்படுத்தலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அந்த வரி மட்டும் அதிகாரிகள் கண்ணில் படுவதில்லை.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை

நமது பக்கத்துக் குறையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கூலிக்குப் போராடினோம், குடிமனைக்குப் போராடினோம், சரி. ஆனால் மாடு, தீவனம், விதை, கிருமி என்றால் "அது விவசாய இலாகா வேலை" என்று நாமும் ஒதுங்கி நின்றோம். அந்த அம்மாள் பொட்டலத்தைக் கொண்டு வந்து கொடுத்த அன்று, ரைசோபியம் எது, அசோஸ்பைரில்லம் எது என்று அலுவலகத்தில் இருந்த நம்மில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு ஒப்புக் கொள்கிறோம். விஞ்ஞானத்தை உழைக்கிறவன் கையில் எடுக்காவிட்டால், வியாபாரி அதை எடுத்துக் கொண்டு நம் தலையிலேயே விற்பான்.

என்ன கேட்கிறோம்?

ஒன்று: நமது மாவட்டத்தில் சாக்கோட்டையிலும், பக்கத்தில் குடுமியான்மலையிலும் சர்க்காரின் நுண்ணுயிர் உர உற்பத்தி நிலையங்கள் உண்டு. அங்கிருந்து புதிய ரைசோபியம், விதைப்புக்கு முன்னால், கடைமடைக் கூட்டுறவு சொசைட்டிகளுக்கு வந்து சேர வேண்டும். குத்தகைக்காரருக்கும் நிலமற்றவருக்கும் சிட்டா கேட்காமல் கொடுக்க வேண்டும்.

இரண்டு: யூரியாவோடு சரக்கைக் கட்டி விற்கும் கடையின் மேல் நடவடிக்கை வேண்டும். கடைகளில் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவைத் தமிழில் எழுதிச் சொசைட்டி வாசலில் ஒட்ட வேண்டும்.

மூன்று: மேய்க்கால் புறம்போக்கை அளந்து கல் நட வேண்டும். பெரிய ஆக்கிரமிப்பை அகற்று; குடிசையைத் தொடாதே! மீட்ட நிலத்தை மாடு வளர்க்கும் நிலமற்ற பெண்களின் குழுக்களுக்குத் தீவனம் பயிரிடக் கொடுக்க வேண்டும்.

நான்கு: மிஷின் அறுவடையானாலும், அந்த ஊர்த் தொழிலாளியின் மாட்டுக்கு உரிய வைக்கோலை ஒதுக்கி வைத்த பிறகே மீதி லாரி ஏற வேண்டும்.

இவை தானாக வரமாட்டா. அந்த அம்மாளின் காசு எப்படித் திரும்பியது? பத்துப் பேர் போனதால் திரும்பியது. அவர் இப்போது சொசைட்டி மூலம் சரியான பொட்டலம் வாங்கி விதைத்து விட்டார். நாற்பதாம் நாள் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்துக் கொண்டு வந்து நம் மேஜை மேல் வைத்தார். முண்டைக் கிள்ளிக் காட்டினார். உள்ளே சிவப்பு!

"கூலிக்காரங்களுக்கு விஞ்ஞானம் எதுக்கு?" என்று கேட்டாரே, அந்தக் கடைக்காரருக்குப் பதில் அதுதான். ஆனால் இரண்டு மா குத்தகை வரும் ஆடியோடு முடிகிறது. அதற்குப் பிறகு அவர் எங்கே விதைப்பார்?

காற்றுக்குப் பட்டா கிடையாது. மேய்க்காலுக்கும் தனி ஆள் பட்டா கிடையாது. கிராமம் கிராமமாகப் புறம்போக்குக் கணக்கை எடுங்கள்! தாலுகா ஆபீசுக்குப் பத்துப் பேராக அல்ல, ஆயிரம் பேராகப் போவோம்!